புயலும் நாள்கணக்கில் கரன்ட் இல்லாத வீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் புயல் என்றால் அது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருவது. காற்று ஆடித் தீர்ப்பது ஒரு ராத்திரி. வீட்டைப் படுத்துவது அதற்குப் பிறகு வரும் மூன்று நாள், ஐந்து நாள், சில ஊர்களில் மூன்று வாரம். பிரெட்டும் மெழுகுவத்தியும் வாங்க எல்லாரும் ஓடுகிறார்கள். ஆனால் கரன்ட் போனால் முதலில் தீர்வது தண்ணீர். கீழே உள்ள பதில்களில் பாதி தண்ணீரைப் பற்றியே இருப்பதற்கு அதுதான் காரணம்.

எத்தனை நாளுக்குத் தயாராக வேண்டும்?

நகரத்தில் குறைந்தது 3 நாள், கிராமத்தில் ஒரு வாரம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்கள் மின்கம்பிகள் மேல் சாய்ந்ததால் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது விழுந்த மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல். டெல்டாவில் வயலுக்குள் நிற்கும் கம்பத்தை நட, சேற்றில் ஆளே நடந்துதான் போக வேண்டியிருந்தது. ஊரின் தெருவுக்கு வெளிச்சம் வந்தாலும் தோட்டத்து வீட்டுக்கு வர வாரக்கணக்கானது. உங்கள் வீட்டுக்கு வரும் லைன் வயல், தோப்பு வழியாக வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். வருகிறதென்றால் நீங்கள் ஒரு வாரக் கணக்குதான்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை, 5-ஆம் எண் கூண்டு என்கிறார்களே, வீட்டில் இருப்பவர் எதைப் பார்ப்பது?

துறைமுகக் கூண்டு எண் கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும் உரியது. வீட்டுக்காரருக்கு வேண்டியது மூன்று விவரங்கள்: எங்கே கரையேறும், எப்போது, எவ்வளவு வேகம். இந்திய வானிலை ஆய்வு மையக் கணக்கில் மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், 118-க்கு மேல் மிகத் தீவிரப் புயல். முதல் வகையில் முருங்கையும் பழைய விளம்பரப் பலகையும் போகும். மூன்றாவது வகையில் கூரை போகும், கம்பம் போகும்.

கரையேறும் இடத்துக்கு நீங்கள் வடக்கா தெற்கா என்பதும் முக்கியம். நம் கிழக்குக் கடற்கரையில் மேற்கு நோக்கி வரும் புயலின் வடக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். கடல்நீர் உள்ளே ஏறுவதும் அந்தப் பக்கம்தான்.

புயல் வேறு ஊரில்தான் கரை கடக்கிறது என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. 2023-ல் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முன் சென்னைக்கு அருகே கடலில் நின்று கொட்டிய மழையில்தான் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மூழ்கின. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையேறிய பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. சாத்தனூர் அணை திறப்பால் தென்பெண்ணை கரைபுரண்டு விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களுக்குள் புகுந்தது. ஆற்றோரம் இருப்பவர்கள் புயலின் பாதையோடு மேலே உள்ள அணையின் நீர்மட்டத்தையும் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு பிடித்து வைக்க வேண்டும்?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு ஐந்து நாளைக்கு 80 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. கேன் போடுபவரும் புயலன்று வரமாட்டார், அவருடைய ஆலையிலும் கரன்ட் இருக்காது. அதனால் எச்சரிக்கை வந்த அன்றே சொல்லி வையுங்கள். ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள்தான் இதை மறந்துபோவார்கள். கரன்ட் இல்லாவிட்டால் அது சுவரில் தொங்கும் பெட்டி, அவ்வளவுதான். முதல் நாளே அதை ஓடவிட்டு, வீட்டில் இருக்கும் குடம், தவலை, குக்கர் வரை நிரப்பி மூடி வையுங்கள்.

மற்ற புழக்கத்துக்கு மாடி டேங்க். சாதாரண நாளில் நால்வர் குடும்பத்துக்கு 1,000 லிட்டர் டேங்க் இரண்டு நாள் வந்தால் அதிகம். சிக்கனமாக ஆளுக்கு 30 லிட்டர் என்று வைத்தால் எட்டு நாள் வரும். இந்த வித்தியாசம் பெரும்பாலும் கழிப்பறையில் இருக்கிறது: ஃப்ளஷ் ஒரு அழுத்துக்கு 6 முதல் 10 லிட்டர் இழுக்கும். கரன்ட் போன உடனே ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் சின்ன வால்வை மூடிவிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்து ஊற்றுங்கள். ஷவரைத் தொடவே கூடாது. சொட்டும் குழாய் ஏதாவது இருந்தால் இன்றே வாஷர் மாற்றுங்கள். ராத்திரி முழுக்கச் சொட்டினால் காலையில் வாளிக் கணக்கில் தண்ணீர் குறைந்திருக்கும்.

டேங்கை முழுக்க நிரப்புவதில் இன்னொரு லாபம் உண்டு. காலி பிளாஸ்டிக் டேங்கைக் காற்று தூக்கி எறியும். 1,000 லிட்டர் தண்ணீர் உள்ள டேங்க் ஒரு டன் எடை, அசையாது. மூடி மட்டும் பறக்கும், அதை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிடுங்கள்.

சம்ப் நிறையத் தண்ணீர் இருக்கிறது, அது போதாதா?

வாளியும் கயிறும் இருந்தால் போதும். ஆனால் தெருவில் வெள்ளம் வந்தால் சம்ப்தான் முதல் பலி. சாக்கடை கலந்த தண்ணீர் மூடி இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். மூடியின் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தடித்த பாலித்தீன் தாளை மூடிக்கு அடியில் விரித்து, மேலே மணல் மூட்டை அடுக்குங்கள். முழுதாகத் தடுக்காது, ஆனால் குறையும். அதனால் மழை வலுக்கும் முன்பே சம்ப்பிலிருந்து மேலே ஏற்றக்கூடியதை எல்லாம் ஏற்றிவிடுவது நல்லது.

சம்ப்பில் வெள்ள நீர் கலந்துவிட்டால்?

அந்தத் தண்ணீரை மேலே ஏற்றாதீர்கள். ஏற்றினால் டேங்கும் குழாய்களும் சேர்ந்து கெடும். முழுக்க இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் போட்டு 12 மணி நேரம் விட்டு, அதையும் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். சம்ப்புக்குள் இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. சாக்கடை கலந்த மூடிய தொட்டியில் விஷவாயு தேங்கியிருக்கும். மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்து, மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும். உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதுதான் பல சாவுகளுக்குக் காரணம்.

பிறகு அன்றாடப் புழக்கத்துக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாமல் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பாக்கெட் திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. மூக்கைத் துளைக்கும் வாடை வராவிட்டால் புதிது வாங்குங்கள். குடிக்கும் தண்ணீர் எதுவானாலும் தளதளவென்று கொதித்தே ஆக வேண்டும்.

இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் வரும்?

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று. பெருக்கினால் 1,800 வாட்-மணி. பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது சுமார் 1,100. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன், மூன்று எல்.இ.டி. பல்பு, வைஃபை எல்லாம் ஓடினால் ஐந்தரை மணி நேரத்தில் கதை முடிந்தது. அதே பேட்டரியில், கரன்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. வகை ஃபேன் ஒன்றும் 9 வாட் பல்பு ஒன்றும் மட்டும் என்றால் 20 மணி நேரம். ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் போட்டால் இரண்டு இரவு தாண்டும்.

இங்கே பலர் கவனிக்காதது, எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று 15 வாட் போலத் தின்றுகொண்டிருக்கும் என்பது. பகலில் முன்பக்க ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். புயலுக்கு ஒரு வாரம் முன்பே டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி, முழு சார்ஜ் ஏற விடுங்கள். தரைத்தளத்தில் வெள்ளம் வரும் வீடு என்றால் பேட்டரியை டிராலியோடு மேசை உயரத்துக்கு ஏற்ற வேண்டும். அது 50 கிலோவுக்கு மேல், இரண்டு ஆள் வேலை. கழற்றும்போது மைனஸ் வயரை முதலில், மாட்டும்போது கடைசியில்.

மாடியில் சோலார் போட்டிருக்கிறோம். எங்களுக்குக் கவலையில்லை, சரிதானே?

பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைந்த சோலார் என்றால் லைனில் கரன்ட் போன மறுநொடி அதுவும் அணைந்துவிடும். பழுது அல்ல, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அணையாவிட்டால் கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் சோலார் கரன்ட் பாயும். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை மட்டுமே புயல் நாளில் உதவும். பேனல் கிளாம்ப் போல்ட்டுகளைப் பருவமழைக்கு முன் ஒரு முறை ஸ்பானர் வைத்து முறுக்கிப் பாருங்கள். துருப்பிடித்தவற்றை மாற்றுங்கள்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் மோட்டார் ஓடுமா? எவ்வளவு பெரியது வேண்டும்?

1 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான். ஆனால் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். ஆகவே 3 கே.வி.ஏ. செட் வேண்டும். சிறிய செட் வைத்தால் மோட்டார் உறுமிவிட்டு நிற்கும், வைண்டிங் எரியும். தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு செட் எடுத்து, வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று டேங்க் நிரப்பிக்கொள்வதுதான் கட்டுப்படியாகும்.

இரண்டு விஷயத்தில் விளையாடவே கூடாது. ஒன்று, செட்டை வீட்டுக்குள்ளோ, வராண்டாவிலோ, ஜன்னலுக்குக் கீழோ வைக்காதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு, இருபக்கமும் பின் வைத்த வயரால் பிளக் பாயிண்ட் வழியே வீட்டு வயரிங்குக்குள் கரன்ட் கொடுக்காதீர்கள். அது மீட்டர் வழியாக வெளியே போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகிவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பியைத் தொடும் ஊழியர் செத்துப்போவார். மோட்டாரின் வயரை பேனலிலிருந்து கழற்றி நேரே செட்டில் கொடுங்கள், அல்லது வீட்டை லைனோடோ செட்டோடோ ஏதாவது ஒன்றோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்கள்.

ஃப்ரிட்ஜில் இருப்பது எவ்வளவு நேரம் தாங்கும்?

கதவைத் திறக்காவிட்டால் கீழ்த்தட்டு 4 மணி நேரம். ஃப்ரீசர் நிறைய இருந்தால் 48 மணி நேரம், பாதி காலியாக இருந்தால் 24. அதனால் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி உறைய வையுங்கள். உருகினால் குடிக்கவும் ஆகும். ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பிப் பார்க்கும்போது நாணயம் அடியில் போயிருந்தால் இடையில் எல்லாம் உருகியிருக்கிறது. மீனையும் கறியையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இட்லி மாவு அதற்கு முன்பே புளித்துப் பொங்கிவிடும். புயலுக்கு முந்தின நாள் மாவு அரைத்துக் குவிப்பது வீண் வேலை. மிக்ஸி, கிரைண்டர் இல்லாமல் சமைக்கிற மாதிரி திட்டமிடுங்கள்: அரிசி, துவரம்பருப்பு, ரவை, அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய். பாலுக்கு வெளியே வைத்தாலும் கெடாத டெட்ரா பாக்கெட், அல்லது பால் பவுடர்.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பாட்டிலோ பேனாவோ 30 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். நம் புயல் காலத்தில் வெயில் இல்லாததால் அறை வெப்பமே அதற்கு ஒத்துவரும். பிரிக்காத இருப்பைத்தான் குளிரில் காக்க வேண்டும். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பாட்டில் வைத்து, நடுவே துண்டு சுற்றி, மருந்து ஐஸைத் தொடாமல் வையுங்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை. மண்பானைக்குள் வைக்கும் வழக்கம் கோடையில் நன்றாக வேலை செய்யும்; மழைக்கால ஈரக்காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் இருப்பவர்கள் இன்வெர்ட்டரை நம்பக் கூடாது. 5 லிட்டர் இயந்திரம் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், மூன்று மணி நேரத்தில் பேட்டரி காலி. சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் முன்கூட்டியே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். டயாலிசிஸ் நாள் புயலன்று வந்தால் ஒரு நாள் முன்னதாகக் கேட்டுப் பாருங்கள். பிரசவத் தேதி நெருங்கியவர்கள் மருத்துவமனை இருக்கும் ஊருக்கு முன்பே போய்விடுங்கள்.

மாடியிலும் வீட்டைச் சுற்றியும் என்ன பார்க்க வேண்டும்?

மாடியில் முதல் வேலை மழைநீர்க் குழாய் வாய். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் 9 டன்னுக்கு மேல் சுமை. அடைப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் கொஞ்சம் வேப்பிலையும் போதும். பூந்தொட்டி, கொடிக்கம்பி, பழைய நாற்காலி எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். தகரக் கூரையின் மேல் கல்லையும் செங்கல்லையும் தூக்கி வைப்பது பழக்கமாகிவிட்டது. தகரம் எழும்பினால் அவை அடுத்த வீட்டுக்குப் போகும் குண்டுகள். ஜே-போல்ட் முறுக்கி, கூரை மேல் கயிறு போட்டுத் தரையில் முளை அடித்துக் கட்டுவதே சரி. ஓலை வீடு, பழைய ஆஸ்பெட்டாஸ் வீடு என்றால் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள்.

கண்ணாடி ஜன்னலில் டேப்பைக் குறுக்கே ஒட்டுவதால் கண்ணாடி வலுக்காது. ஸ்லைடிங் ஜன்னலில் உடைவதைவிடத் தண்ணீர் புகுவதுதான் அதிகம்: கீழ்த் தண்டவாளத்தில் வெளிப்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைகள் தூசியால் அடைத்திருக்கும். ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள். கால்நடையை அவிழ்த்துவிடுங்கள், கட்டிக்கிடக்கும் மாடுதான் சாகும்.

காற்று திடீரென்று நின்றுவிட்டது. வெளியே போய்ப் பார்க்கலாமா?

புயலின் கண் உங்கள் மேல் நிற்கிறது என்றால் அந்த அமைதி கொஞ்ச நேரம்தான். பிறகு எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரம் இரண்டாம் பாதியில் மறுபக்கம் விழும். புயல் முழுதாகக் கடந்துவிட்டது என்று வானிலை மையம் சொல்லும் வரை உள்ளேயே இருங்கள்.

பக்கத்துத் தெருவில் கரன்ட் வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

துணைமின்நிலையம், 11 கே.வி. ஃபீடர், டிரான்ஸ்ஃபார்மர், தெருக்கம்பி, வீட்டு சர்வீஸ் வயர் என்று மேலிருந்து கீழாகத்தான் சரிசெய்து வருவார்கள். அடுத்த தெரு வேறு டிரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம், அல்லது உங்களுக்கு வரும் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-ல் அழைக்கும்போது "எங்கள் ஏரியாவில் கரன்ட் இல்லை" என்பதைவிட, இணைப்பு எண்ணையும், எந்தக் கம்பத்தில் என்ன விழுந்து கிடக்கிறது என்பதையும் சொன்னால் வேலை வேகமாக நடக்கும். இணைப்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், செல்போன் செத்திருக்கும். மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077.

கரன்ட் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் போடலாமா?

மெயினை அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். சீரமைக்கும்போது எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரும். ஃப்ரிட்ஜ், டி.வி., மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் போகும். முதலில் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் மட்டும். பல்பு கண்ணைக் கூசினாலோ, ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினாலோ உடனே மெயினை அணையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சீராக இருந்தால் ஃப்ரிட்ஜ், அதற்குப் பிறகு மோட்டார்.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஸ்விட்ச் பாக்ஸ் நனைந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. எலக்ட்ரீஷியன் மெக்கர் (வயரிங்கில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதித்த பிறகுதான் மெயினைத் தொட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கும் வீட்டில் அது விழுந்துகொண்டே இருந்தால், தொந்தரவு என்று அதை பைபாஸ் செய்யச் சொல்லாதீர்கள். எங்கோ ஈரத்தில் கசிகிறது என்று அது சொல்கிறது.

கேஸ் சிலிண்டர்?

வெள்ளத்தில் சிலிண்டர் மிதக்கும், டியூபைப் பிய்த்துக்கொண்டு போகும். தண்ணீர் வரும் என்று தெரிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்பும் வீடுகள் சின்ன 5 கிலோ சிலிண்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

பணம், போன், காகிதங்கள்?

டவருக்குக் கரன்ட் இல்லாவிட்டால் ஜி-பே இல்லை. 50, 100, 200 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் வையுங்கள். 500-க்குச் சில்லறை யாரிடமும் இருக்காது. சிக்னல் தேடியே போன் சார்ஜ் போகும், அதனால் ஏரோபிளேன் மோடில் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். போகும். செல் போட்ட சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். பத்திரம், ஆதார், காப்பீட்டுத் தாள்களை ஜிப் கவரில் போட்டு பரண்மேல் ஏற்றுங்கள்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

சாவியைத் தொடாதீர்கள். இஞ்சின் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் சுருங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். பல காப்பீடுகளில் இஞ்சின் பாதுகாப்பு தனியாக எடுத்திருந்தால்தான் அதற்குப் பணம் வரும். பேட்டரி வயரைக் கழற்றி, தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி போட்டோ எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வேளச்சேரிக்காரர்கள் மழை அறிவிப்பு வந்ததும் காரை மேம்பாலத்தின் மேல் நிறுத்துவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. மெக்கானிக் பில்லைப் பார்த்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.